எல்லைக்கு அப்பால் இருக்கும் இயக்குநரும் நீதிமன்ற அவமதிப்பும்

நிறுவனம் என்பது சட்டம் உருவாக்கிய ஆள். அதன் பெயரில் சொத்து வாங்கலாம், வழக்குத் தொடுக்கலாம், அதன் மீது வழக்குத் தொடரவும் செய்யலாம். ஆனால் அதற்குக் கையும் காலும் கிடையாது. நீதிமன்றம் ஒரு நிறுவனத்தைப் பார்த்து ‘இந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுக்காதே’ என்று உத்தரவிட்ட பிறகும் பணம் வெளியே போயிருந்தால், அதை எடுக்கச் சொன்னவர் ஒரு மனிதராகத்தான் இருக்க முடியும். பெரும்பாலும் அவர் ஓர் இயக்குநராக இருப்பார். அவர் உத்தரவு பிறப்பித்த நாட்டிலேயே இருந்தால் சிக்கல் குறைவு. அந்த நாட்டின் குடிமகனாக இல்லாமல், அங்கே வசிக்காமல், சில வேளை அங்கே ஒரு நாள்கூடத் தங்காமல் வேறொரு நாட்டிலிருந்தபடி நிறுவனத்தை நடத்துபவரை அந்த நீதிமன்றம் அவமதிப்புக்காக விசாரிக்க முடியுமா என்பதுதான் இங்கே நாம் பார்க்கப்போகும் கேள்வி.

முதலில், அவமதிப்பு என்ற சொல்லைப் பற்றி. அன்றாடப் பேச்சில் அது நீதிபதியைத் திட்டுவதையும் தீர்ப்பைக் கேவலமாகப் பேசுவதையும் நினைவூட்டும். அவை குற்றவியல் அவமதிப்பைச் சேர்ந்தவை. நிறுவனங்கள் பெரும்பாலும் சிக்கிக்கொள்வது உரிமையியல் அவமதிப்பில். இந்தியாவின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம், 1971, நீதிமன்றத்தின் தீர்ப்பையோ உத்தரவையோ வேண்டுமென்றே மீறுவதையும், நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை வேண்டுமென்றே முறிப்பதையும் உரிமையியல் அவமதிப்பு என்று வரையறுக்கிறது. பெயரில் ‘உரிமையியல்’ என்று இருந்தாலும் முடிவு சிறையாக இருக்கலாம். இந்தியச் சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை, இரண்டாயிரம் ரூபாய் வரை அபராதம். இங்கிலாந்தில் 1981-ஆம் ஆண்டுச் சட்டப்படி இரண்டு ஆண்டு வரை சிறை. ஒரு பக்கம் எதிராளியின் உரிமையைக் காப்பதற்கான வழி, மறுபக்கம் ஒரு மனிதரின் சுதந்திரத்தைப் பறிக்கும் தண்டனை என்ற இந்த இரட்டை முகம்தான் பின்னால் வரும் பல சிக்கல்களுக்கு வேர்.

உத்தரவு நிறுவனத்துக்குத்தானே, இயக்குநர் ஏன் பதில் சொல்ல வேண்டும்? அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1911-ஆம் ஆண்டு வில்சன் வழக்கில் இதற்குச் சொன்ன விடை இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது: நிறுவனத்துக்கு இடப்படும் கட்டளை, அதன் காரியங்களை நடத்தும் பொறுப்பில் இருப்பவர்களுக்கு இடப்படும் கட்டளையே. இங்கிலாந்தில் இதே கருத்தைத் தெளிவாக்கியது, பசிபிக் பெருங்கடலிலுள்ள துவாலு என்ற சிறு தீவு நாடு ஒரு தபால்தலை நிறுவனத்தின் மீது தொடுத்த வழக்கு. நிறுவனத்தின் மீது உத்தரவு இருப்பதை அறிந்த இயக்குநர், அந்த உத்தரவு நிறைவேறுவதற்கு நியாயமான நடவடிக்கைகளை எடுக்கக் கடமைப்பட்டவர் என்றும், வேண்டுமென்றே அவற்றை எடுக்காமல் விட்டால் அவரையே தண்டிக்கலாம் என்றும் அந்த வழக்கில் மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஒரு நாட்டின் தபால்தலையைப் பற்றிய தகராறு இவ்வளவு பெரிய கொள்கைக்கு அடித்தளமாகிவிட்டது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை விலக்கிவிட வேண்டும். நிறுவனம் மீறியது என்பதாலேயே எல்லா இயக்குநர்களும் குற்றவாளிகள் ஆகிவிடுவதில்லை. உத்தரவைப் பற்றிய அறிவும், தடுக்கக்கூடிய நிலையில் இருந்தும் வேண்டுமென்றே தடுக்காத போக்கும் இயக்குநரிடம் இருந்தாக வேண்டும். இயக்குநர் குழுவில் பெயருக்கு உட்கார்ந்திருந்து உத்தரவைப் பற்றியே கேள்விப்படாதவர் தப்பிக்கலாம். கேள்விப்பட்டும் ‘எனக்கு ஒன்றும் தெரிய வேண்டாம்’ என்று கண்ணை மூடிக்கொண்டவர் தப்பிக்க முடியாது.

இனி அதிகார வரம்பு. இந்த ஒரு சொல்லுக்குள் வெவ்வேறான கேள்விகள் ஒளிந்திருப்பதால்தான் புதிதாகப் படிப்பவர்கள் குழம்புகிறார்கள். அவமதிப்புக்காக இயக்குநரைத் தண்டிக்கலாம் என்று சொல்லும் விதி, நாட்டுக்கு வெளியே இருக்கும் இயக்குநரையும் மனத்தில் வைத்துத்தான் இயற்றப்பட்டதா என்பது ஒன்று. பொதுவாகச் சட்டங்கள் தம் எல்லைக்குள் இருப்பவர்களையே நோக்கிப் பேசுகின்றன என்ற அனுமானம் உண்டு. அந்த அனுமானம் இங்கே விலகுகிறதா என்று பார்க்க வேண்டும். விலகுகிறது என்றே வைத்துக்கொண்டாலும், குறிப்பிட்ட இந்த மனிதரை இந்த வழக்குக்குள் கொண்டுவர, அதாவது வெளிநாட்டிலுள்ள அவர் கையில் ஆவணங்களைச் சேர்க்க, நடைமுறை விதிகளில் வழி இருக்கிறதா என்பது இன்னொன்று. இவை இரண்டுக்கும் ‘ஆம்’ என்று விடை வந்து, அவர் குற்றவாளி என்று தீர்ப்பும் ஆன பிறகு, தண்டனை அவரைப் போய்ச் சேருமா என்பது முற்றிலும் வேறு கேள்வி. முதல் இரண்டுக்கும் நீதிமன்றத்தின் ‘ஆம்’ கிடைத்துவிட்டதால் மூன்றாவதும் முடிந்துவிட்டது என்று நினைப்பதுதான் செய்திகளைப் படிக்கும்போது நாம் வழக்கமாகச் செய்யும் பிழை.

முதல் கேள்வியை விளங்கிக்கொள்ள, இங்கிலாந்தின் இரண்டு தீர்ப்புகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பதைவிட நல்ல வழி இல்லை. 2009-இல், அப்போது நாட்டின் இறுதி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை தீர்ப்பளித்த மஸ்ரி வழக்கு முதலாவது. யேமனின் எண்ணெய் வயல் ஒன்றில் தனக்கு உரிய பங்கைக் கேட்டு ஒருவர் வழக்குத் தொடுத்து வென்றார். தோற்ற நிறுவனம் பணம் தரவில்லை. தீர்ப்புப் பணத்தைக் கட்ட வேண்டிய நிறுவனத்தின் அதிகாரியை நீதிமன்றத்துக்கு வரவழைத்து, சொத்து எங்கே இருக்கிறது என்று கேள்வி கேட்க இங்கிலாந்தின் நடைமுறை விதிகள் இடம் தருகின்றன. அந்த விதியைக் கொண்டு கிரீஸில் வசித்த அதிகாரியை அழைக்க முடியுமா என்பதே பிரச்சினை. முடியாது என்றது சபை. வெளிநாட்டில் இருக்கும் அதிகாரிகளையும் அழைக்கும் நோக்கத்தோடு அந்த விதி இயற்றப்படவில்லை என்பது அதன் காரணம்.

இரண்டாவது, 2014-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்த தார் அல் அர்கான் வழக்கு. சவூதி அரேபியாவின் கட்டுமான நிறுவனம் ஒன்றும் பஹ்ரைனின் வங்கி ஒன்றும் தாங்களே இங்கிலாந்து நீதிமன்றத்துக்கு வந்து, எதிராளிகளுக்கு எதிராகத் தடை உத்தரவு பெற்றன. இப்படிப்பட்ட உத்தரவைப் பெறுபவர் பதிலுக்குச் சில உறுதிமொழிகளை நீதிமன்றத்துக்குக் கொடுக்க வேண்டும். அந்த உறுதிமொழிகள் மீறப்பட்டதாகச் சொல்லி, எதிராளிகள் நிறுவனங்கள் மீது மட்டுமல்லாமல், வெளிநாட்டில் இருந்த அவற்றின் இயக்குநர் மீதும் அவமதிப்பு மனு போட்டார்கள். மஸ்ரி தீர்ப்பைக் காட்டி, தமக்கும் அதே கணக்குத்தானே என்று இயக்குநர் தரப்பு வாதிட்டது. நீதிமன்றம் ஏற்கவில்லை. நிறுவனத்தின் மீறலுக்காக இயக்குநரைச் சிறையில் அடைக்க இடம் தரும் விதி எல்லைக்கு வெளியே இருக்கும் இயக்குநருக்கும் பொருந்தும் என்று தீர்ப்பு வந்தது.

இரண்டும் வெளிநாட்டிலுள்ள அதிகாரியைப் பற்றியவை, இரண்டும் நடைமுறை விதியைப் பொருள்கொள்வது பற்றியவை. பிறகு ஏன் விடை மாறியது? என் கணிப்பில் இந்தத் துறை முழுவதையும் திறக்கும் சாவி இங்கேதான் இருக்கிறது. மஸ்ரி வழக்கில் அந்த அதிகாரி செய்த தவறு என்று எதுவும் கிடையாது. அவருக்குத் தகவல் தெரியும் என்பதற்காக மட்டும் அழைக்கப்பட்டார். ஏறத்தாழ ஒரு சாட்சியைப் போன்றவர். வேறொரு நாட்டில் இருக்கும் சாட்சியைத் தன் சொந்த அதிகாரத்தால் இழுத்துவர ஒரு நீதிமன்றம் தயங்குவது இயல்பு, ஏனெனில் அங்கே அந்த நாட்டின் இறையாண்மை குறுக்கே வருகிறது. அவமதிப்பு வழக்கில் இயக்குநர் நிற்கும் இடமே வேறு. நிறுவனத்தின் மீது நீதிமன்றத்துக்கு ஏற்கெனவே பிடி இருக்கிறது. அந்த நிறுவனம் கீழ்ப்படிவதா மீறுவதா என்பதை முடிவு செய்யும் இடத்தில் இருப்பவர் அவர். அவரை விட்டுவிட்டு நிறுவனத்தை மட்டும் பிடித்தால், இயக்குநர்கள் எல்லாரும் வெளிநாட்டில் இருக்கும் நிறுவனத்துக்கு நீதிமன்ற உத்தரவு வெறும் காகிதமாகிவிடும். அவர் தகவல் தெரிந்த மூன்றாம் மனிதரா, மீறலுக்குப் பொறுப்பான மனிதரா என்ற வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டால், படிக்கிற வழக்கு எந்த நாட்டினுடையது ஆனாலும் வாதம் எந்தப் பக்கம் சாயும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

தார் அல் அர்கான் வழக்கில் அந்த நிறுவனங்கள் தாமாகவே வந்து நீதிமன்றத்தின் உதவியைக் கேட்டவை என்பதையும் மறக்கக் கூடாது. உதவியைப் பெற்றுக்கொண்டு, அதற்கு ஈடாகக் கொடுத்த வாக்கை மீறியதாகக் குற்றம் சாட்டப்படும்போது, ‘நான் உங்கள் ஊரில் இல்லை’ என்று அதன் இயக்குநர் சொல்வது எடுபடுவது கடினம். விருப்பமில்லாமல் பிரதிவாதியாக இழுக்கப்பட்ட நிறுவனத்தின் இயக்குநர் அதே வாதத்தை வைத்தால் கேட்பவர் மனம் சற்று இளகலாம். ஆனால் தீர்ப்பின் காரணம் வாதி, பிரதிவாதி என்ற பிரிவைச் சார்ந்தது அல்ல.

இரண்டாவது கேள்விக்கு, அதாவது வழக்குக்குள் கொண்டுவரும் வழிக்கு, வருவோம். இங்கிலாந்தில் வெளிநாட்டிலுள்ள ஒருவருக்கு வழக்கு ஆவணங்களை அனுப்ப வேண்டுமானால், நடைமுறை விதிகளில் பட்டியலிட்ட ‘வாயில்கள்’ ஒன்றின் வழியாக வர வேண்டும். ஒப்பந்தம் இங்கே செய்யப்பட்டது, சேதம் இங்கே நேர்ந்தது என்பன போன்றவை அந்த வாயில்கள். அவமதிப்பு மனுவுக்கென்று தனி வாயில் வெகுகாலம் இல்லாததால், வழக்கறிஞர்கள் வேறு காரியங்களுக்காகக் கட்டிய வாயில்களுக்குள் இதை நுழைக்கப் பாடுபட்டார்கள். டாய்ட்சே வங்கி விக் என்ற தொழிலதிபர் மீது கொண்டுவந்த அவமதிப்பு மனுவில் இந்தப் போராட்டம் நன்றாகத் தெரிகிறது. அவருடைய நிறுவனம் வங்கிக்குப் பெருந்தொகை கட்ட வேண்டும் என்று 2013-இல் தீர்ப்பாகியிருந்தது. சொத்து பற்றிய விசாரணைக்காக அவர் லண்டன் நீதிமன்றத்தில் நேரில் முன்னிலையாகிப் பதில் சொன்னார். அந்தப் பதில்கள் வேண்டுமென்றே சொன்ன பொய்கள் என்று வங்கி குற்றம் சாட்டியது. அவர் வெளிநாட்டில் இருந்தாலும் அவமதிப்பு மனுவை விசாரிக்க அதிகாரம் உண்டு என்று 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடிவு செய்தது. 2022 அக்டோபரில் அவமதிப்பு மனுவுக்கென்றே தனி வாயில் ஒன்று விதிகளில் சேர்க்கப்பட்டது. வாயில் திறந்திருக்கிறது என்பதற்காக நீதிமன்றம் தானாக அனுமதி தந்துவிடாது. வாதாடத் தக்க வழக்கு இருக்கிறதா, இதை விசாரிக்க இதுவே உரிய இடமா என்றும் பார்க்கும்.

அமெரிக்காவில் கேள்வி சற்று வேறு உருவத்தில் வருகிறது. கூட்டாட்சி நீதிமன்றத்தின் தடை உத்தரவு, அதைப் பற்றி உண்மையிலேயே அறிந்த நிறுவன அதிகாரிகளையும், அவர்களோடு சேர்ந்து செயல்படுபவர்களையும் கட்டுப்படுத்தும் என்று விதியே சொல்கிறது. உத்தரவை அறிந்துகொண்டே அதை மீற உதவி செய்பவர், நீதிமன்றத்தின் எல்லைக்கு வெளியே வசித்தாலும் தன்னை அதன் அதிகாரத்துக்கு உட்படுத்திக்கொள்கிறார் என்று 1985-இல் ஐந்தாம் வட்ட (பல மாநிலங்கள் சேர்ந்த பகுதி) மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. ஆனால் அங்கே இருந்தவர்கள் வேறு மாநிலத்தவர். வேறு நாட்டவர் அல்லர். பத்து ஆண்டு கழித்து, லக்சம்பர்க் நாட்டு வங்கி ஒன்று அமெரிக்க உத்தரவைப் பற்றித் தெரிந்தும் வாடிக்கையாளருக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டபோது, அந்த வங்கியை அவமதிப்புக்காகத் தண்டிக்க அதிகாரம் இல்லை என்று ஒன்பதாம் வட்ட நீதிமன்றம் முடிவு செய்தது. வழக்கில் தரப்பினராக இல்லாத, தன் நாட்டிலேயே இருந்து தன் நாட்டுச் சட்டப்படி நடந்த வங்கி அது. நிறுவனத்தை நடத்தும் இயக்குநரை இந்த வங்கியோடு ஒப்பிட முடியாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்தியாவில் சட்டத்தின் சொற்களே விரிவாக இருக்கின்றன. 1971-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, அவமதிப்பு உயர் நீதிமன்றத்தின் எல்லைக்கு உள்ளே நடந்தாலும் வெளியே நடந்தாலும், குற்றம் சாட்டப்பட்டவர் எல்லைக்குள் இருந்தாலும் வெளியே இருந்தாலும் அந்த நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது. முதல் பார்வைக்கு நம் கேள்விக்கே விடை சொல்லிவிட்டது போலத் தோன்றும். ஆனால் அது பேசுவது உயர் நீதிமன்றத்தின் ‘உள்ளூர் எல்லை’யைப் பற்றி; ஒரு மாநிலத்தில் பிறப்பித்த உத்தரவை இன்னொரு மாநிலத்திலிருந்து மீறுபவரை மனத்தில் வைத்து எழுதிய பிரிவு அது என்றே அதன் சொற்கள் காட்டுகின்றன. நாட்டுக்கு வெளியே இருப்பவரை அது வெளிப்படையாகக் குறிப்பிடவில்லை. அதே வேளையில், உச்ச நீதிமன்றத்துக்கும் உயர் நீதிமன்றங்களுக்கும் தம்மை அவமதிப்பவரைத் தண்டிக்கும் அதிகாரம் அரசமைப்புச் சட்டத்தின் 129, 215 ஆகிய பிரிவுகளிலிருந்தே வருவதால், 11-ஆம் பிரிவின் சொற்களை வைத்து மட்டும் கதவை மூடிவிடவும் முடியாது.

இயக்குநரின் பொறுப்பைச் சொல்வது 12-ஆம் பிரிவு. நீதிமன்றத்துக்குக் கொடுத்த உறுதிமொழியை நிறுவனம் மீறினால், அப்போது அதன் தொழிலை நடத்தும் பொறுப்பில் இருந்த ஒவ்வொருவரும் குற்றவாளியாகக் கருதப்படுவார்; தமக்குத் தெரியாமல் நடந்தது என்றோ, தடுக்க உரிய முயற்சி எடுத்தேன் என்றோ மெய்ப்பித்தால் விடுபடலாம். உரிமையியல் நடைமுறைச் சட்டமும், நிறுவனத்துக்கு எதிரான தடை உத்தரவுத் தீர்ப்பைச் செயல்படுத்த, நீதிமன்றத்தின் அனுமதியோடு இயக்குநர்களை உரிமையியல் சிறையில் வைக்க வழி செய்கிறது. இவற்றில் எதுவும் இயக்குநர் இந்தியராக இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

மூன்றாவது கேள்வியில்தான் நிலம் சரியத் தொடங்குகிறது. ஒரு நாட்டின் தண்டனைச் சட்டத்தை இன்னொரு நாட்டின் நீதிமன்றம் நிறைவேற்றித் தராது என்பது 1825-இல் அமெரிக்கத் தலைமை நீதிபதி மார்ஷல் எழுதிவைத்த, இன்றும் நிலைத்திருக்கும் கொள்கை. பணத் தீர்ப்பை வேறு நாட்டுக்குக் கொண்டுபோய்ச் செயல்படுத்தக் கேட்கலாம். அவமதிப்புக்கான சிறைத் தண்டனையை அப்படிக் கேட்க முடியாது. நாடு கடத்திக் கொண்டுவரலாமே என்றால், இந்தியா பிரிட்டனோடு 1992-இல் செய்த ஒப்பந்தம் இரு நாடுகளிலும் குறைந்தது ஓராண்டு சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்கே பொருந்தும். இந்தியாவில் அவமதிப்புக்கு உச்ச அளவே ஆறு மாதம். ஆவணங்களை அனுப்புவதற்கு 1965-ஆம் ஆண்டின் ஹேக் உடன்பாடு உதவுகிறது. இந்தியாவில் அது 2007 ஆகஸ்டு முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆனால் அது உரிமையியல், வணிக விவகாரங்களுக்கானது. சிறை வாடை வீசும் அவமதிப்பு மனு அதற்குள் அடங்குமா என்ற கேள்வியை எதிர்த்தரப்பு எழுப்பாமல் விடாது.

விஜய் மல்லையா வழக்கு இந்த இடைவெளியைக் காட்டுகிறது, அவர் வெளிநாட்டவர் அல்லர் என்றாலும். சொத்து விவரத்தை முழுமையாகச் சொல்லாததற்கும், நான்கு கோடி அமெரிக்க டாலரைத் தன் பிள்ளைகளுக்கு மாற்றியதற்கும் உச்ச நீதிமன்றம் 2017 மே மாதம் அவரை அவமதிப்புக் குற்றவாளி என்று தீர்மானித்தது. 2022 ஜூலையில் நான்கு மாதச் சிறையும் இரண்டாயிரம் ரூபாய் அபராதமும் விதித்தது. அப்போதும் அவர் பிரிட்டனில்தான் இருந்தார். அதிகாரம் இருந்தது, தீர்ப்பு இருந்தது, ஆள் இல்லை.

அப்படியானால் நீதிமன்றங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கின்றனவா என்றால், இல்லை. நிறுவனத்தின் சொத்து உள்நாட்டில் இருந்தால் அதை ஜப்தி செய்யலாம். மீறலைச் சரிசெய்யும் வரை அந்தத் தரப்பின் வாதத்தைக் கேட்க மறுக்கலாம். 1952-இல் ஹாட்கின்சன் வழக்கில், நீதிமன்றத்தின் அனுமதியின்றிக் குழந்தையை ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோன தாயின் மேல்முறையீட்டை, குழந்தை திரும்பும் வரை கேட்க முடியாது என்று இங்கிலாந்து நீதிமன்றம் சொல்லிவிட்டது. பிடியாணை பிறப்பித்து வைத்தால், தொழிலுக்காக எப்போதாவது அந்த நாட்டு விமான நிலையத்தில் இறங்க வேண்டியிருக்கும் இயக்குநருக்கு அது நிரந்தரத் தலைவலி. இந்திய உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியில் எரிக்சன் வழக்கில் கையாண்ட முறையும் கவனிக்கத்தக்கது: தம் நிறுவனம் எரிக்சனுக்குத் தர வேண்டிய 453 கோடி ரூபாயை நான்கு வாரத்துக்குள் கட்டாவிட்டால் மூன்று மாதச் சிறை என்று அனில் அம்பானியிடம் சொல்லப்பட்டது, அடுத்த மாதமே பணம் வந்து சேர்ந்தது. அவர் உள்நாட்டில் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால்தான் அந்த மிரட்டலுக்கு அவ்வளவு வேகம்.

இயக்குநர் தரப்பிலும் நியாயங்கள் உண்டு. சிறை வரை போகக்கூடிய வழக்கு என்பதால் இங்கிலாந்தில் குற்றவியல் வழக்குக்கு இணையாக, நியாயமான ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர் பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. உத்தரவு தம் கைக்கு வரவில்லை, அதை நிறைவேற்றினால் தாம் வாழும் நாட்டின் சட்டத்தை மீற நேரும், முடிவெடுக்கும் அதிகாரம் உண்மையில் வேறொருவரிடம் இருந்தது என்பன போன்ற வாதங்களை நீதிமன்றங்கள் எடைபோடத்தான் செய்கின்றன. ஆனால் அவற்றை எந்த வரிசையில் வைப்பது என்பதில் கவனம் வேண்டும். அதிகாரமே இல்லை என்று முதலில் ஆட்சேபிக்காமல், வழக்கின் உண்மைக்குள் இறங்கிப் பதில் சொல்லத் தொடங்கினால், அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்துக்குத் தாமாகவே உட்பட்டதாகக் கொள்ளப்படலாம். உத்தரவு மீறப்பட்ட பிறகு பதவியை விட்டு விலகுவதும் பயன் தராது, ஏனெனில் நீதிமன்றம் கேட்கப்போவது மீறல் நடந்த நாளில் முடிவெடுக்கும் நாற்காலியில் இருந்தவர் யார் என்பதைத்தான்.